பலமிடி அடிவாரத்து வீடு

காலிரோயி ஒரு பழைய தாளை அர்கிரோவின் மேசையில் வைத்தாள்.

"டீச்சர், சித்தப்பா மகன் அரிஸ்தார்கோஸ் என்னை வீட்டைக் காலி பண்ணச் சொல்றான். தாத்தா ஸ்தாமாதிஸ் அவன் அப்பாவுக்கே எழுதி வெச்சிட்டாராம்."

அர்கிரோ, கிரேக்க நாட்டின் நாஃப்லியோ ஊர்ப் பள்ளியில் முப்பது ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவள். 1981இன் அந்தக் குளிர்காலத்தில் ஊரார் பழைய தாள் எது கிடைத்தாலும் அவளிடம்தான் கொண்டுவந்தார்கள். பூர்த்சி தீவுக்குப் படகு ஓட்டும் லாம்ப்ரோஸ், பயணிகள் வராத மாதங்களில் அவள் வீட்டிலேயே காப்பி குடித்துக் கிடப்பான். அவன் தாளைப் பிடுங்கி உரக்கப் படித்தான்.

"‘பலமிடிச் சிறைக்குக் கீழே உள்ள என் வீட்டை இளைய மகனுக்கே தருகிறேன். இப்படிக்கு, ஸ்தாமாதிஸ், நாஃப்லியோ, 1923 பிப்ரவரி 20.’ மாட்டிக்கிட்டான்! மேல பலமிடிக் கோட்டைதானே இருக்கு, சிறை எங்க?"

"அப்போ கோட்டைக்குள்ளதான் சிறை இருந்துச்சு, லாம்ப்ரோஸ். அவசரப்படாதே." அர்கிரோ காலிரோயியிடம் திரும்பினாள். "உங்கப்பா வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

"இப்படி ஒரு தாள் பத்திச் சொன்னதே இல்ல. மறைச்சுப் பேசத் தெரியாத மனுஷன். புரியாம பேசினது ஒண்ணுதான்: அவருக்குப் பிப்ரவரி இருபத்துநாலு பிறந்தநாள். இளவயசுல ஒரு வருஷம் அது வரவேயில்லன்னு சொல்லிச் சிரிப்பார். விளையாட்டுப் பேச்சு."

அர்கிரோ தாளிலிருந்த தேதியை மறுபடி படித்தாள். பிறகு அரிஸ்தார்கோஸை அழைத்துவரச் சொன்னாள்.

பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த கிழவர் அரிஸ்தார்கோஸ் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். "தாளு பழசு, மையும் பழசு. வேற என்ன வேணும்?"

"தாள் பழைய ஜெபப்புத்தகத்துக் கடைசிப் பக்கம். எழுத்து அருமை, அண்ணே. தேதிதான் தப்பு. அந்த வருஷம் அரசாங்கம் நாள்காட்டியை மாத்துச்சு. பிப்ரவரி பதினஞ்சுக்கு மறுநாள் மார்ச் ஒண்ணு. நடுவுல பதிமூணு நாள் இந்த நாட்டுலயே கிடையாது. காலிரோயியோட அப்பா விளையாடல, அவர் பிறந்தநாள் நிஜமாவே வரல. இல்லாத நாள்ல உங்க தாத்தா எப்படி எழுதினார்?"

லாம்ப்ரோஸ் காப்பியைக் கொட்டிவிட்டான்.

அரிஸ்தார்கோஸ் தொப்பியைக் கழற்றினார். "நான்தான் எழுதினேன். அந்த மாடி அறையிலதான் பொறந்தேன். பெரியப்பா சாவுக்கு அப்புறம் யாரும் என்னை உள்ள வான்னு கூப்பிடல. அங்கயே சாகணும்னு ஆசை."

காலிரோயியின் முகம் சிவந்தது. திட்டப்போகிறாள் என்றே மற்ற மூவரும் நினைத்தார்கள்.

"அதுக்கு என்னைத் தெருவுல நிறுத்துவியா? கதவைத் தட்டியிருக்கக் கூடாதா, மடையா?" என்றாள். பிறகு தாளை நான்காகக் கிழித்தாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. மாடிப்படி செங்குத்து, பார்த்து ஏறணும்."