பச்சைமுத்து குடிக்க மாட்டார்

வைத்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கொழுந்தன் கோவிந்தசாமி அதைத் தொடவில்லை. இருபது வருஷமாக ஒரே வீட்டில், அண்ணி விருத்தாம்பாள் கையால் டீ குடித்துவிட்டுத்தான் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை தூக்கப் போவான். இன்றைக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

"இன்னா கோவிந்து... ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னா? மானந்தான் போயிடுச்சு!" செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "உங்க புள்ள எடுத்த படம். கமிட்டியில அத்தினி பேரும் பாத்துட்டானுங்க. எங்க அண்ணன் குடிகாரனா அண்ணி? நீங்க சொல்லாம அவன் எப்படி இப்பிடி எடுப்பான்?"

மகன் இளவழகன் புதுச்சேரியில் இசைப் பேராசிரியர். பாட்டுக்கு மெட்டுப் போடுவான். லீவு நாளில் குறும்படம் எடுப்பான். போன மாசம் நாலு நாள் இந்த வீட்டை வைத்துத்தான் படம் எடுத்தான். பதினைந்து பேருக்கு அவள்தான் வடித்துக் கொட்டினாள். நடிக்க வந்தவனுக்கு, செத்துப்போன புருஷன் பச்சைமுத்துவின் சட்டையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். தெருவில் என்ன எடுத்தார்கள் என்று அடுப்படியில் கிடந்தவளுக்கு எங்கே தெரியும்?

இப்போது பார்த்தாள். அந்தச் சட்டை போட்டவன் கோட்டை மலை தெரிகிற தெருவில் தள்ளாடித் தள்ளாடி வருகிறான். அந்தத் தள்ளாட்டத்துக்கு மேளம் வேறு! கடைசியில் கொட்டை எழுத்தில், 'என் அம்மாவின் வாழ்க்கை'.

அவள் செல்போனைக் கையால் ஒதுக்கித் தள்ளினாள்.

"படத்துக்குப் பரிசு வந்திருக்குதும்மா!" என்று பத்து மணி பஸ்ஸில் இனிப்போடு வந்து நின்றான் மகன்.

"எவன்டா உங்க நைனாவுக்குச் சாராயம் ஊத்தினது? நீயா?"

இளவழகன் திகைத்தான். "அம்மா... நான் பொய் எடுக்கலம்மா. காலேஜ் லீவுக்கு வரும்போதெல்லாம் பாப்பேனே. தள்ளாடிக்கினு வருவாரு, வாசல்லயே விழுந்துடுவாரு. நீ இழுத்து உள்ள போட்டுட்டு வாயே தெறக்க மாட்ட. எவ்ளோ பொறுத்துக்கின... அதத்தான் எடுத்தேன்."

அவன் நிஜமாகவே நம்பியிருக்கிறான்! இத்தனை வருஷமும்! அதுதான் அவளை இன்னும் சுட்டது.

"பாவி! உன் படிப்புக்குத்தான் ஒரு வேளைக் கஞ்சிய குடிச்சிட்டு, ரெண்டு ஆள் மூட்டைய ஒரு ஆளா தூக்கினாருடா! நெஞ்சு பழுதாயிடுச்சு, மூட்டையே தொடக் கூடாதுன்னாரு டாக்டர். புள்ளைக்குத் தெரிஞ்சா பாட்டுப் படிப்ப வுட்டுட்டு வந்துடுவான், மூச்சு வுடாதேன்னு என் கையில அடிச்சிச் சத்தியம் வாங்கினாரு. நானும் வாய மூடிக்கினு இருந்தேன். ஒரு தரம்... ஒரே ஒரு தரம் கிட்ட வந்து மோந்து பாத்தியா? சுதி ஒரு இழை தப்பினா கண்டுபுடிக்கிற காதுடா உனக்கு! அவரு மூச்சு எரைச்சது மட்டும் கேக்கலியா?"

இளவழகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கோவிந்தசாமி அண்ணி பக்கம் திரும்பினான். "நெஞ்சு வலின்னு எங்கிட்ட கூட சொல்லலியே அண்ணி... மூட்டை தூக்கின களைப்புன்னுதான நெனச்சேன்."

"இப்பவே படத்த நெட்லேர்ந்து எடுத்துடறேம்மா..." தாயின் காலைப் பிடித்தான் மகன்.

"நீ எடுத்துட்டா? பாத்தவன் கண்ணுலேர்ந்து யாரு எடுக்கறது? எழுந்திரு. கோவிந்து, செல்ல எடுத்துக்கினு நீயும் வா."

கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் நெல் அடுக்கின் மேல் சாய்ந்திருந்தார்கள். எத்தனையோ மேடை ஏறிய இளவழகன் அவர்கள் நடுவில் போய் நின்றான்.

"எங்க நைனா பச்சைமுத்து குடிக்க மாட்டாரு. பசியிலயும் நெஞ்சு வலியிலயும் தள்ளாடினாரு. எங்கம்மா எதுவும் சொல்லல. நான்தான்... தப்பா பாத்தேன்."

"எங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்பமே வாத்தியாரே!" என்றார் பச்சைமுத்துவோடு மூட்டை தூக்கிய ஜெயராமன், தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "ஒரு பீடி நீட்டினாலே மூஞ்ச சுளிக்கிற ஆளு அவரு!"

மகன் உடைந்து அழுதான். விருத்தாம்பாள் அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கோவிந்தசாமி கையெடுத்துக் கும்பிட்டான். "உங்களப் போயி சந்தேகப்பட்டனே அண்ணி..."

"அது கெடக்கட்டும். இவன் பேசினத செல்லுல படம் புடிச்சியா?"

"அவன் பேச்சக் கேட்டுக்கினே நின்னுட்டேன் அண்ணி... அமுக்கவே இல்ல."

அவள் மகனைத் தள்ளி நிறுத்தினாள். முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுடா. அழாம, சத்தமா சொல்லு."