கொசுறுக்கு நீட்டிய கிளாஸ்

ரோப் காரின் கதவு மூடப் போகிற நேரத்தில் இரண்டு பேர் ஓடி வந்து ஏறினார்கள். இரண்டு பேர் முதுகிலும் ஆள் உயரத்துக்குப் பை.

உயரமானவன் திரும்பியதில் அவன் பை உள்ளே உட்கார்ந்திருந்த மார்லேனியின் தலையில் இடித்தது. மழைக்காகப் பாலித்தீன் உறை போட்டிருந்த அவளுடைய வட்டத் தொப்பி கீழே விழுந்து உருண்டது. அவன் கவனிக்கவே இல்லை. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கீழே பள்ளம் முழுக்க நனைந்துகொண்டிருந்த லா பாஸ் நகரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ஏங்க... உள்ள வந்தா இருக்கறவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு உட்காரணும். இது ஆடு ஏத்துற வண்டி இல்ல," என்றாள் மார்லேனி.

அவன் திருதிருவென்று விழித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம்..."

சொன்னது அவன் அல்ல. கூட வந்தவன். குனிந்து தொப்பியை எடுத்தான். உறையில் ஒட்டிய சேற்றைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தான். இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். மழை ஓய்ந்த பிறகும் கூரை விளிம்பில் விழாமல் நிற்குமே ஒரு கடைசித் துளி... அப்படி இருந்தன.

"உங்க நண்பருக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க. பை மட்டும் பெருசா இருந்தா போதாது," என்றாள்.

"உங்க மூட்டை எங்க பையை விடப் பெருசா இருக்கே," என்றான் அவன். அவள் காலடியில், வண்ணக் கோடு போட்ட துணியில் கட்டிய ஆரஞ்சு மூட்டை இருந்தது.

"இதைச் சுமந்தாத்தான் எனக்குச் சோறு. நீங்க சும்மா சுமக்குறீங்க."

உயரமானவன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். மற்றவன் சிரிக்கவில்லை. அவளுடைய மடிப்பு மடிப்பான அகலப் பாவாடையையே பார்த்துக்கொண்டு வந்தான். வேடிக்கை பார்க்கிற பார்வை இல்லை அது. தொலைத்த பொருளைப் பார்க்கிற பார்வை... இறங்கி நடந்த பிறகும் அது அவள் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. ஜூஸ் கடை வரிசையில் மார்லேனியின் தார்ப்பாய்க்குள் இரண்டு பைகள் வந்து ஒதுங்கின.

"போச்சுடா ரமீரோ... தொப்பிக்காரங்க," என்றான் உயரமானவன். "மேடம், உட்காரலாமா, ஓடிடலாமா?"

"வணக்கம் சொன்னா உட்காரலாம்."

"வணக்கம். இன்னொரு வணக்கம், நேத்துப் பாக்கி. என் பேரு மத்தியாஸ். புவெனஸ் ஐரிஸ்லேர்ந்து வர்றோம். உங்க ஊர்ல படி ஏறி ஏறி நெஞ்சுக்கூடு கழண்டுடுச்சு."

பக்கத்துக் கடை செவேரா அக்கா எட்டிப் பார்த்தாள். "ரெண்டுல எதுடி உனக்கு?"

"உங்க நாக்கை எடுத்து உங்க மிக்ஸியில போடுங்கக்கா," என்றாள் மார்லேனி. ஆனால் காது சூடானது.

பப்பாளியும் பாலும் அடித்து ஊற்றினாள். ஜாரில் கொஞ்சம் மிச்சம் நின்றது. எப்போதும் நிற்கும். குடித்துவிட்டுக் காலி கிளாஸை நீட்டுகிறவர்களுக்குப் பாதி கிளாஸ் கொசுறு ஊற்ற வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. குடித்ததும் கிளாஸைப் பலகையில் வைத்துவிடுவார்கள். மத்தியாஸும் வைத்தான்.

ரமீரோ மழையைப் பார்த்துக்கொண்டே கிளாஸை அவள் பக்கம் நீட்டினான். கேட்கவில்லை, திரும்பக்கூட இல்லை. கை தானாக நீண்டது... அடுப்படியில் அம்மாவிடம் நீட்டுகிற மாதிரி.

மார்லேனியின் கை ஜாரோடு நின்றது.

"உங்க அம்மாவுக்கு எந்த ஊரு?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். மத்தியாஸ் முந்திக்கொண்டான். "இவங்கம்மாவா? இத்தாலிக்கார வம்சம். அதான் துரைக்கு இவ்வளவு அலட்டல்."

அவள் ரமீரோவைப் பார்த்தாள். அந்தக் கன்னத்து எலும்பு... தன் அண்ணனுக்கும் அதே எலும்புதான்.

"ஆமா... அப்படித்தான்," என்றான் அவன், பலகையைப் பார்த்து.

"அப்படின்னா கொசுறு கிடையாது. அது எங்க சொந்தக்காரங்களுக்கு." மிச்சத்தைச் செவேரா அக்காவின் கிளாஸில் கவிழ்த்தாள்.

அடுத்த சில நாட்கள் இரண்டு பேரும் ஊரை அளந்தார்கள். கல் பாவிய சந்துகள், காய்ந்த மூலிகை விற்கும் தெரு, மினிபஸ் கதவில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவும் பெண்கள்... எங்கே சுற்றினாலும் அவள் கடையில்தான் வந்து முடிந்தது. மத்தியாஸ் கதை சொல்வான். ரமீரோ ஜூஸைக் குடித்துவிட்டுக் கிளாஸைப் பலகையில் வைப்பான். மெதுவாக, சத்தம் வராமல். அவன் நீட்டமாட்டானா என்று அவள் மனம் ஒவ்வொரு முறையும் காத்திருக்கும். 'சே, இவன் யார் எனக்கு' என்று அவளே அதை அதட்டுவாள். மறுநாள் மறுபடி ஜாரில் மிச்சம் வைப்பாள்.

ஒரு மத்தியானம் அவன் தனியாக வந்தான்.

"மத்தியாஸ் தூங்குறான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லுங்க. ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே கேப்பேன்."

"எங்கம்மா இங்க மேட்டுல, எல் ஆல்ட்டோவுல பிறந்தவங்க. படிக்கட்டுல உட்கார்ந்து ரொட்டி வித்தாங்களாம். என்னை வயித்துல வச்சுக்கிட்டுதான் புவெனஸ் ஐரிஸுக்கு பஸ் ஏறினாங்க. அங்க தையல் பட்டறையில வேலை. தெருவுல பாவாடையைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு அதைப் பெட்டியில மடிச்சு வச்சிட்டாங்க. நான் அதுக்கு மேல ஒரு இத்தாலியை வச்சு மூடிட்டேன்... மத்தியாஸை ஒரு நாள்கூட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. இங்ககூட, அம்மா சொன்ன இடத்தையெல்லாம்தான் தேடிப் பாக்குறேன். அவன்கிட்ட மேப்ல போட்டிருக்குன்னு சொல்றேன்."

அவள் கைக் கத்தி நின்றது. இப்போதே ஜார் நிறைய அடித்து ஊற்றிவிடலாமா என்று இருந்தது. ஊற்றவில்லை.

"எனக்கு இது அன்னிக்கே தெரியும். தெரியாதவர் ஒருத்தர் தூங்கிட்டிருக்கார். அவர்கிட்ட சொல்லுங்க."

"சிரிப்பான்."

"சிரிக்கட்டும். இந்தப் பாவாடையோடதான் நான் காலேஜ் போனேன். இதோடதான் பேங்குக்குப் போறேன், திருவிழாவுல ஆடுறேன். நீங்க என்னைப் பாக்குற பார்வை எனக்குப் புரியாம இல்ல..." தொப்பி கொஞ்சம் சரிந்திருந்தது. நிமிர்ந்து சரிசெய்துகொண்டாள். "ஆனா உங்க கூட வந்தா, ஒரு நாள் என்னையும் பெட்டியில மடிச்சு வச்சிடுவீங்க."

அவன் மழைக்குள் இறங்கிப் போனான். ஆரஞ்சு உரிக்கிற அவள் கையில் எங்கேயோ வெட்டுப்பட்டிருந்தது. எரிந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை, முதுகில் பைகளோடு வந்தார்கள். அடுத்த ஊரான கூஸ்கோவுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கடைசி ஜூஸ் மேடம். எல்லாருக்கும் வணக்கம்," என்றான் மத்தியாஸ். வரிசையில் இருந்த அத்தனை கடைக்காரிகளும் பதில் வணக்கம் சொன்னார்கள்.

மார்லேனி யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றினாள். தொப்பியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுதால் தெரியக்கூடாது.

ரமீரோ ஒரே மூச்சில் குடித்தான். மத்தியாஸ் கிளாஸைப் பலகையில் வைத்தான். ரமீரோ வைக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்து நீட்டினான்.

"டேய், அது காலிடா," என்றான் மத்தியாஸ்.

"தெரியும். கொசுறு கேக்குறேன். இந்த ஊர்க்காரங்க இப்படித்தான் கேப்பாங்க. எங்கம்மா இப்படித்தான் கேப்பாங்க... அவங்க இந்த மேட்டுல பிறந்தவங்க மத்தியாஸ். இவங்கள மாதிரியே பாவாடை கட்டினவங்க. இத்தாலி எல்லாம் நான் விட்ட கதை."

செவேரா அக்கா மிக்ஸியை நிறுத்தினாள்.

மத்தியாஸ் பையை இறக்கி வைத்தான். சிரிக்கவில்லை. "உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. இருக்கிறவங்களுக்கே சாப்பாடு பத்தல போலன்னு நெனச்சிருந்தேன்டா. கேட்டா நீ வருத்தப்படுவேன்னு இத்தனை வருஷமா கேக்கல."

"மன்னிச்சிடுடா..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். உங்கம்மா கையால ஒரு தட்டு சாப்பாடு. இல்ல, ரெண்டு தட்டு."

மார்லேனி ஜாரைச் சாய்த்தாள். பாதியில் நிறுத்தவில்லை. கிளாஸ் நிறைந்து, அவன் விரல்களில் வழிந்தது.

"கொசுறுன்னா பாதிடி," என்றாள் செவேரா அக்கா.

"என் கடை. என் ஜார்." பிறகு அவனிடம், "பஸ்ஸுக்கு நேரமாகல?" என்றாள்.

"அவன் போகட்டும். நான் போகல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு மார்லேனி. காலைல அம்மாகிட்ட போன்ல பேசினேன். பெட்டியைத் திறந்து பாவாடையை வெயில்ல போடச் சொன்னேன். உங்க வீட்டுக்கு வரும்போது கட்டிட்டு வரணும்ல..."

கீழே பார்க்கத் தோன்றியது அவளுக்கு. பார்க்கவில்லை. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி அவனை நேராகப் பார்த்தாள். கூரை விளிம்பில் நின்ற அந்தத் துளி இப்போது விழுந்திருந்தது, அவன் கன்னத்தில்.

"முதல்ல எங்க மேட்டுப் படியை மூச்சு வாங்காம ஏறப் பழகுங்க. அப்புறம் அம்மா வரட்டும். தொப்பி இல்லைன்னா சொல்லச் சொல்லுங்க... என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

பலகையில் வைத்த கிளாஸை மத்தியாஸ் தயங்கித் தயங்கி எடுத்தான். நீட்டினான்.

"எனக்குக் கொசுறு உண்டா மேடம்?"

"சொந்தக்காரங்களுக்குத்தான். நீங்க யாருக்குச் சொந்தம்?"

"இவனுக்கு."

"அப்ப எனக்கும்தான்," என்று சொல்லி, மார்லேனி ஜாரைச் சாய்த்தாள்.