நான்காவது பள்ளம்

கழற்றி வைத்த துப்பாக்கி, பூட்டிய அலமாரிக்குள் குழல் மாட்டியபடி இருந்தது.

குணசீலன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கராஜின் சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு நின்று, இதற்கொரு விளக்கம் யோசித்தார். புலம்பெயர்ந்து வந்த மனுகாவில் காப்பீட்டு அலுவலக மேலாளர் அவர். எதற்கும் விளக்கம் வைத்திருப்பதுதான் உத்தியோகமே. கட்டையும் விசையும் சேர்ந்த உடல் ஒரு பக்கம், குழல்கள் மூன்றும் மரப்பெட்டிக்குள் என்று நேற்றுத்தான் பிரித்து வைத்திருந்தார். இப்போது சின்னக் குழல் உடலோடு பொருந்தி நின்றது. போலீஸ்காரர் வந்து இழுத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட இரும்பு அலமாரி. சாவி ஒன்றுதான், அதுவும் அவர் பர்ஸில். சரி, மறதி. ஐம்பத்திரண்டு வயது. விளக்கம் கிடைத்த நிம்மதியில் கதவைச் சாத்தும்போது, பிறந்த ஊரான ஈப்போவில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவெல்லாம் அடிக்குமே, அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியது.

வீட்டில் தோட்டா ஒன்றுகூடக் கிடையாது. அவர் வாங்கியதே இல்லை. துப்பாக்கி வைத்திருப்பது வேறு, சுடுவது வேறு என்பது அவர் கட்சி.

இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜைக்கு வந்தவர்களிடம் அதைத்தான் விளக்கினார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மனைவி ஷாமினியின் பிளெண்டர், கார் சாவி, லேப்டாப், இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகப் பட்டுத்துணியில் துப்பாக்கிப் பெட்டி.

"ஒரே குண்டு. அதுதான் இதோட அழகு. இந்தக் காலத்துத் துப்பாக்கி முப்பது தரம் சுடும், ஒண்ணும் படாது. இதுல தவறினா தவறினதுதான். அதனால சுடுறவன் யோசிப்பான். ஒரே உடம்பு, மூணு பேரல். ஒரு திருகு கழட்டினா போதும். மைனாவுக்கு ஒண்ணு, முயலுக்கு ஒண்ணு, மானுக்கு ஒண்ணு. அறுபது வருஷத்துக் கட்டை, தொட்டுப் பாருங்க. மூடும்போது சத்தம் கேளுங்க."

டக்.

வங்கிப் பெட்டகம் சாத்துவது போன்ற சத்தம். அவர் கண்ணை மூடி ரசித்தார்.

"நீங்க எத்தனை மான் அடிச்சீங்க பாஸ்?" என்றார் அவரைப் போலவே ஈப்போவிலிருந்து வந்த அந்தோணிசாமி, சுண்டல் மென்றபடி.

"நான் சேகரிக்கிறவன்."

"அப்ப மானெல்லாம் பொழைச்சுது லா. சரி, பெட்டியில பள்ளம் நாலு இருக்கு, பேரல் மூணுதான?"

இதையே குணசீலன், விற்றவரிடம் கேட்டிருந்தார். ஒடாஹுஹுவில் குடியிருக்கும் முன்சாமி, ஃபிஜியிலிருந்து வந்த பழைய பஸ் மெக்கானிக். "நாலாவத மாங்கெரே பாலத்துலேந்து தண்ணியில போட்டுட்டேன்," என்று சொன்ன கையோடு, கேட்காமலே ஒரு தோல் உறையைச் சேர்த்துக் கொடுத்தார். இலவசம் கிடைத்த மகிழ்ச்சியில் ஏன் என்று கேட்க மறந்துபோனது.

"அது ஸ்பெஷல் பர்ப்பஸ்," என்றார் குணசீலன், தெரியாததைச் சொல்வதற்கென்றே வைத்திருந்த குரலில். பிறகு சந்தனம் தொட்டு, குங்குமம் தொட்டு, மூன்று குழல்களுக்கும் பொட்டு வைத்தார். நான்காவது பள்ளம் மொட்டையாக இருந்தது கண்ணை உறுத்தியது. அதற்கும் ஒன்று வைத்தார்.

மறுநாள் ஷாமினி பிளெண்டரில் சட்னி அரைத்தாள். "பூஜையில வச்சதை மறுநாள் எடுத்து வேல செய்யணும். உங்க துப்பாக்கி?"

"அது வேலை செய்யிற சாமான் இல்ல."

"பின்ன ஏன் சாமி முன்னாடி வச்சீங்க?"

கேள்வி நியாயமானது. அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அதற்கும் மறுநாள்தான் சின்னக் குழல் மாட்டியிருந்தது. அன்று மாலை, வெயில் இன்னும் சாயாத நேரத்தில், புல்வெளியில் ஒரு மைனா செத்துக் கிடந்தது. காயம் இல்லை. நெற்றியில் சிவப்பாக ஒரு ஈரப் பொட்டு. அலமாரிக்குப் போய்ப் பார்த்தார். சின்னக் குழலில் பொட்டு இல்லை.

குழலைக் கழற்றினார். பெட்டியில் வைத்தார். இருமுறை பூட்டினார். சாப்பாட்டு மேசையில் உட்கார முடியவில்லை, எழுந்து சன்னலுக்குப் போனார், சன்னலில் நிற்க முடியவில்லை, திரும்ப வந்தார்.

அடுத்த நாள் நடுக்குழல். பக்கத்து வீட்டுப் பூனை, அதே சிவப்புப் பொட்டோடு, வேலிக்கடியில்.

"ட்ரெயினேஜ் அடைச்சிருக்கு போல," என்றாள் ஷாமினி. "வீடெல்லாம் சேத்து நாத்தம்."

அவருக்கும் அடித்தது. கடல் நீர் வடிந்தபின் கழிமுகத்தில் வருகிற, அழுகிய சிப்பியும் உப்பும் கலந்த வாடை. கராஜ் பக்கத்திலிருந்து.

மூன்றாம் நாள் பெரிய குழல். அதே பக்கத்து வீட்டுக் கிழட்டு லாப்ரடார் நாய், அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில், உறங்குவதுபோல். அவர் குனிந்து நெற்றியைப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

முன்சாமிக்கு போன் போட்டார்.

"பொட்டு வச்சியா?" என்றது கிழவர் குரல். "மூணுக்கும்தான வச்சே?"

குணசீலனுக்கு நான்காவது பள்ளத்தில் வைத்த பொட்டு நினைவுக்கு வந்தது. போனில், கிழவருக்குப் பின்னால், ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. அவர்கள் குடியிருந்த மவுண்ட் வெல்லிங்டன் முழுக்க வெயில், யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்து, என்ன காரணம் சொல்வது என்று மூன்று வாக்கியங்கள் தயாரித்து, கராஜ் கதவைத் திறந்தார்.

அலமாரி திறந்திருந்தது.

தரையெல்லாம் ஈரம். கருஞ்சேறு. பெட்டியில் மூன்று குழல்களும் ஒழுங்காக அதனதன் பள்ளத்தில். நான்காவது பள்ளத்தில் ஒன்றுமில்லை.

பொட்டும் இல்லை.

துப்பாக்கியின் உடலும் இல்லை.

மைனா. பூனை. நாய். அடுத்து?

ஓடினார். சமையலறையில் ஷாமினி அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஷாமினி. திரும்பு."

"கை ஈரமா இருக்கு, என்ன?"

"திரும்பு லா!"

திரும்பினாள். நெற்றியில் எப்போதும் ஒட்டுகிற அந்தக் குட்டி மெரூன் ஸ்டிக்கர். அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். விளக்கம்கூட ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது.

ஷாமினி அவர் முகத்தையே பார்த்தாள்.

"கோயிலுக்குப் போனீங்களா? என்கிட்ட சொல்லவே இல்ல."

கை நெற்றிக்குப் போனது. ஈரம்.

"ஐயோ, வழியுது பாருங்க. குங்குமம் கீழ விழக்கூடாது." எட்டி, மோதிர விரலால் அதை முழுவதும் வழித்தெடுத்தாள். அம்மன் சன்னதியில் செய்வதுபோலவே, ஒரு நொடி கண்ணை மூடி, தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அதைத் துடைக்க அவர் கை நீட்டினார்.

கராஜ் பக்கம்.

டக்.

கராஜுக்குப் போகும் கதவு ஒரு சாண் திறந்தது. சேற்று வாடை. இடைவெளி இருட்டில், அவர் நெற்றி உயரத்தில், ஒரு கரிய வட்டம். அதன் விளிம்பில் சிப்பி ஒட்டியிருந்தது. தண்ணீர் சொட்டியது.

வட்டம் அசையாமல் நின்றது.

பிறகு, அவசரமே இல்லாமல், நன்றாக யோசித்து, ஷாமினியின் உயரத்துக்குத் தாழ்ந்தது.