ஆறு மணி இரைச்சல்

முதலில் அந்த இரைச்சல்தான் வந்தது… ஆளைப் பிறகுதான் கண்டாள்.

எண்பத்தாறாம் ஆண்டு மாரிகாலம். பின்னேர மழை தூறிக்கொண்டிருந்தது. அரியாலையின் கடலோர றோட்டில் யோசப்பின் என்ற இளம்பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் எங்கோ ஓர் ஊளை எழுந்தது. ஊசிமுனை போலத் தொடங்கி, தடித்து, நெருங்கி…

"பொம்பர்!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து சனம் சிதறியது. யோசப்பின் குடத்தைப் போட்டுவிட்டுத் தன் வீட்டு வளவுக்குள் ஓடி, பதுங்குகுழிக்குள் குதித்தாள். முழங்காலளவு மழைத்தண்ணீர். ஒரு தவளை காலில் மோதியது. ஊளை சட்டென்று அறுந்தது. அடுத்த கணம் அவள் தோளை இடித்துக்கொண்டு ஓர் ஆண் உள்ளே விழுந்தான்.

"முருகா!"

"அந்தோனியாரே! ஆரது? கண் தெரியேல்லையே?"

"கிடங்குக்குள்ளை கண் தெரியிறதுக்கு நான் என்ன ஆந்தையே, அக்கா?"

"அக்காவோ! உங்கடை வயசு என்ன?"

"உங்கடை முகத்தைக் காட்டினால் சொல்லுவன்…"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு தலைக்கு மேலே நிற்கும்போது சிரிப்பு வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளின் இடுக்கால் ஒரு கீற்று வெளிச்சம் அவன் கண்களில் விழுந்தது. நெற்றியில் நனைந்து கரைந்த திருநீறு, இமையில் மழைத்துளி. அந்தக் கண்கள் அவளையே பார்த்தன… அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"சத்தம் நிண்டிட்டுது. போயிட்டான் போலை" என்றான் அவன்.

வெளியே வந்தார்கள். அயலவரும் ஒவ்வொருவராகத் தலை நீட்டினார்கள். வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. உயரம் குறைந்த, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பந்தயக் கார். தகரத்தில் செய்த மீனைப்போல மழையில் மினுங்கியது. அவன் ஏறித் திறப்பைத் திருப்பினான்.

ஊளை மறுபடி எழுந்தது.

தலை நீட்டியவர்கள் எல்லாரும் மறுபடி குழிக்குள் பாய்ந்தார்கள். அவளும் அவனும் மட்டும் மிஞ்சினார்கள். அவன் முகத்தில் நிறம் மாறியது.

"அப்ப… இவ்வளவு சனமும் என்ரை காருக்கோ ஓடினது?"

"நீங்களும்தானே ஓடினனீங்கள்!"

"எல்லாரும் ஓடினாப் பிறகு நான் மட்டும் காரை நிப்பாட்டிப்போட்டுப் பூப்பறிக்கிறதே?"

அவள் பதிலுக்கு வாய் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. ஊளைக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. ஒரு சின்ன நொண்டல். ஒரு பல் உடைந்தவன் சீழ்க்கை அடிப்பது போல… அந்த நொண்டல் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக் கதவு திறந்தது. உண்மையான குண்டுகள் விழுந்தபோதுகூட வெளியே வராத அவள் தாய் லூர்த்தம்மா, வெறுங்காலோடு மழைக்குள் வந்தாள்.

"கனிசியஸ்… வந்திட்டியே ராசா? சோறு ஆறுது. வா."

கனிசியஸ் யோசப்பினின் அண்ணன். கப்பலில் வேலை செய்தவன். ஏதோ துறைமுகத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு சுப்பர்சார்ஜரை வாங்கி வந்து தன் பழைய காருக்குப் பூட்டினான். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதும் சாமான் அது; எஞ்சினை மேல்மூச்சு வாங்க வைப்பது என்று அவன் சொல்லுவான். அதன் ஊளை தெருமுனையில் கேட்டால் லூர்த்தம்மா சோறு போடுவாள். போன வருடம் கூட்டாளியின் வள்ளத்தில் கடலுக்குப் போனான். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. யோசப்பினே காரைக் கழற்றிச் சாமான் சாமானாக விற்றாள். சுப்பர்சார்ஜரைத் தூக்கி ஸ்டான்லி வீதியில் செபநாயகத்தின் கடையில் வைத்தது அவள் கைதான். தாய்க்குச் சொல்லவில்லை.

"இந்தச் சாமானைக் கழட்டுங்கோ. இல்லாட்டி இந்தப் பக்கம் வராதேங்கோ" என்றாள். குரல் நடுங்கியது. அது அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

"றோட்டு என்ன, உங்கடை சீதனமே?"

"ஓம், சீதனம்தான்! போங்கோ!"

அவன் ஏதோ சொல்ல வந்தான். காரின் முன்பக்கப் பொனற்றை ஒரு பிள்ளையின் தலையைப்போலத் தடவிக்கொண்டு நின்ற லூர்த்தம்மாவைக் கண்டான். அந்தத் தாயின் கையை மெல்ல விலக்கிவிட்டுப் போனான்.

அன்று இரவு லூர்த்தம்மா சோறு சாப்பிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு. எதிரே இன்னொரு பீங்கான் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். அதற்குப் பின் பல நாள் றோட்டில் சத்தம் இல்லை. அவளும் சாப்பிடவில்லை. வெறுந்தேத்தண்ணியைக்கூடத் தள்ளிவைத்தாள். வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயின.

யோசப்பினுக்கு ரோசம் பெரிது. ஆனால் தாய் அதைவிடப் பெரிது. சுப்பர்சார்ஜரை வாங்கியவனின் விலாசத்தைச் செபநாயகத்திடம் கேட்டு, புத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

புகையிலைத் தோட்டத்து ஓரம், தகரக் கொட்டில்தான் அவன் கார் திருத்தும் கராச். அவன் பெயர் பஞ்சலிங்கம். கையெல்லாம் கிறீஸ். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். பலகையில், சாக்கு விரித்து, இரண்டு சுப்பர்சார்ஜர்கள் கிடந்தன. ஒன்று அண்ணனுடையது. எட்டு மாதிரி வளைந்த இரண்டு உருளைகள் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு… மற்றது வட்டமானது, சின்னது.

"கழட்டிட்டன்" என்றான். "நீங்கள் சொன்னபடி."

"ஆர் கழட்டச் சொன்னது?"

"நீங்கள்தான்!"

"இப்ப சொல்லுறன், பூட்டுங்கோ."

அவன் தலையைச் சொறிந்தான். நெற்றியில் கிறீஸ் அப்பியது. "பாருங்கோ… என்ரை காரிலை நான் பெரிசா ஒண்டும் மாத்தேல்லை. எஞ்சின், பிஸ்டன் எல்லாம் கொம்பனியிலை இருந்து வந்தபடிதான். கூட ஊதினால் பிஸ்டன் உருகிப் போகும். மெல்ல ஊதினால் போதும். அதுக்கு இந்தச் சின்னன்தான் பொருத்தம். சொட்டுச் சொட்டா ஒயில் விட்டால், பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடும். மற்றது உருளை தேய்ஞ்சு போச்சு. சனத்தையும் வெருட்டுது."

"எங்கடை சந்திக்குச் சந்தி ஆள் மறிக்கிற ஊரிலை, ஊதி எங்கை பறக்கப் போறியள்?"

"ஒரு இடமும் இல்லை" என்றான் சாதாரணமாக. "ஆசை. வேறை என்ன மிச்சம் இருக்கு?"

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது. அதனால்தான் மிச்சத்தையும் சொல்ல முடிந்தது. கனிசியஸைப் பற்றி, மூடிவைத்த சோற்றைப் பற்றி… சொல்லும்போது அவள் அழவில்லை. அவன்தான் துணியை எடுத்து, துடைத்துவிட்ட இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"பிழையான சாமானைத்தான் பூட்டச் சொல்லுறியள்."

"ஓம்."

"சரி" என்றான்.

மறுநாள் யோசப்பின் வீடு வீடாகப் போனாள். "பின்னேரம் ஆறு மணிக்குக் கோயில் மணியோடை ஒரு ஊளை வரும். அது பொம்பர் இல்லை, கார். ஓடாதேங்கோ." லூர்த்தம்மாவுக்காகச் சனம் சம்மதித்தது.

அன்றிலிருந்து மணி அடிக்கும், ஊளை வரும். ஒருவரும் ஓடுவதில்லை. பொடியள் றோட்டுக் கரையில் நின்று கையசைப்பார்கள். லூர்த்தம்மா கதிரையில் இருந்து காது கொடுப்பாள். "உவன் வளைவிலை மெதுவாக்கிறான்" என்பாள். "இப்ப கியர் மாத்திறான்." இறந்த ஒருவன் நாளாந்தம் நேரம் தவறாமல் வீட்டைக் கடந்து போனான். யோசப்பினுக்குச் சில நேரம் மயிர்க்கூச்செறியும். என்றாலும் மணிக்கு முன்பே அவள் தலை சீவி, வாசலில் நின்றாள். கார் கடக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் ஒரு கணம் திரும்பும். ஒரு சொல் இல்லை. ஒரு சிரிப்புக்கூட… இல்லை, ஒரு நாள் சிரித்தான். அன்று அவள் சோற்றை அடிப்பிடிக்க விட்டாள்.

மழை விட்டிருந்த ஒரு மாலை. முகில் பதிந்து, கடல்நீரேரி ஈயம் போலக் கிடந்தது. கோயில் மணி அடித்தது. ஊளை எழுந்தது. பொடியள் றோட்டுக் கரைக்கு ஓடினார்கள். யோசப்பின் கூந்தலைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

உள்ளே கோப்பை விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

லூர்த்தம்மா படியில் நின்றாள். தலையைச் சரித்து, வானத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்கள் பளிச்சென்று தெளிந்திருந்தன.

"உது என்ரை பிள்ளையின்ரை சத்தம் இல்லை."

"அம்மா…"

"உதிலை நொண்டல் இல்லையடி! ஓடுங்கோ! பொடியளைப் பிடியுங்கோ! ஓடுங்கோ!"

அந்தக் குரலில் புத்தி பிசகிய விசர் இல்லை. சனம் ஓடியது. தாய்மார் பிள்ளைகளை அள்ளினார்கள். யோசப்பின் றோட்டைப் பார்த்தாள். வளைவில் சிவப்புக் கார் அசையாமல் நின்றது. பொனற் திறந்திருந்தது. பக்கத்தில், வெட்டவெளியில், கையில் ஏதோ கறுப்பாகத் தொங்க, பஞ்சலிங்கம் அண்ணாந்து நின்றான்.

"பஞ்சலிங்கம்!"

அவள் அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பதுங்குகுழிப் பக்கம் போகவேண்டிய கால்கள் அவனிடம் போயின. அவன் பாதித் தூரம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். இருவரும் குழிக்குள் விழுந்தபோது பூமி ஒரு முறை மூச்சை இழுத்து விட்டது. பிறகு மண் மழை. பிறகு ஒன்றும் இல்லை…

பொடியள் வழக்கமாக நிற்கும் இடத்தில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் இருந்ததைப் பிறகுதான் கண்டார்கள்.

குழிக்குள் லூர்த்தம்மாவும் இருந்தாள். தண்ணீருக்குள் நிமிர்ந்து இருந்தாள்.

"நான் விசரி எண்டு நினைச்சியள். அவன் செத்தது எனக்குத் தெரியும்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் யோசப்பின் கேட்டதே இல்லை. "சத்தம் எண்டாலும் வந்து போகட்டும் எண்டுதான்…"

அப்போது அது கேட்டது. தூரத்தில், மிக மெல்லிதாக, ஓர் ஊளை. அடியில் அந்த நொண்டல். வளைவில் மெதுவாகி, வாசலைக் கடந்து, கடல் பக்கம் போய்த் தேய்ந்தது. குண்டுச் சத்தம் காதுக்குள் இரைந்ததுதான் என்று பஞ்சலிங்கம் பிறகு பல தடவை சொன்னான். ஆனால் அன்று அவன் தன் கையைப் பார்த்தான். சுப்பர்சார்ஜரைச் சுழற்றிச் சத்தம் எழுப்பும் பெல்ற் அறுந்து அவன் கையில்தான் இருந்தது.

"போயிட்டு வா ராசா" என்றாள் லூர்த்தம்மா. எழுந்து, மகளின் தோளைப் பிடித்து ஏறி, உடைந்த கோப்பையைப் பொறுக்கப் போனாள்.

குழிக்குள் இருவர் மிஞ்சினார்கள். பிடித்த கை பிடித்தபடி இருந்தது. மறுபடி மழை தொடங்கியது. பனங்குற்றி இடுக்கால் ஒரு துளி அவன் இமையில் விழுந்தது.

"அந்தச் சின்னதையே பூட்டுங்கோ" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்தபடி.

"சத்தம் இல்லாட்டி நான் வாறது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்… மணிக்கு முதலே நான் வாசலிலை நிக்கிறனான். நீங்கள் காணேல்லையோ?"

அவன் அறுந்த பெல்ற்றைத் தண்ணீருக்குள் போட்டான்.

"கண்டனான். வேகமாப் போகத்தான், யோசப்பின், உந்தச் சாமானைத் தேடித் தேடி வாங்கினனான்… உங்களைக் கண்ட நாள் தொடக்கம், அந்த வளைவிலை இருந்து உங்கடை வாசல் வரைக்கும் நான் முதலாம் கியரை விட்டு மாத்தினதே இல்லை."