ஏழு என்று சொன்னது யார்?

மாலை நான்கு மணிக்கு மலைக்குடிலில் ஆளுக்கொரு டீ கொடுத்தபோது ஒரு டம்ளர் மிஞ்சியது.

மகள் சுற்றிலும் தேடினாள். அப்பாவைக் காணோம். மழையானாலும் பரவாயில்லை, மலையையும் அருவியையும் பார்த்துவிடலாம் என்று எழுபது தாண்டிய மனிதரை இந்தச் சுற்றுலாவுக்கு இழுத்து வந்தவளே அவள்தான்.

"அருவிகிட்ட எண்ணினப்போ பன்னிரண்டு பேரும் இருந்தாங்க. அப்புறம்தான் எங்கேயோ வழி தவறியிருக்கார்" என்றான் வழிகாட்டி.

அருவிக்கும் குடிலுக்கும் இடையே ஒரு மணி நேரம் சல்லடை போட்டுத் தேடினார்கள். அவள் கணவன்தான் தொண்டை கிழிய "மாமா! மாமா!" என்று கத்தினான். பலனில்லை.

கூட்டத்தில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா ஒருத்தர் இருந்தார். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்பா நம்பர் என்னம்மா?"

"ஏழு. நான் ஆறு, இவர் எட்டு."

நிற்கிற இடமெல்லாம் அவரவர் எண்ணை வரிசையாகக் கத்த வேண்டும். அதுதான் ஆளெண்ணும் முறை.

"பஸ்ல எப்படிச் சொன்னார்?"

"காது மந்தம். நான் இடிச்சாத்தான் சொல்வார்."

"அருவிக்கு முன்னாடி ஏறின காட்சிக் கோபுரத்துல?"

"அங்கேயும் அப்படித்தான். எல்லாரும் சிரிச்சாங்களே."

"அருவியில இடிச்சியா?"

"இல்ல, வீடியோ எடுத்துட்டிருந்தேன்." அருவியைப் படம் பிடிக்க அவள் முன்னால் ஓடியிருந்தாள்.

"அந்த வீடியோவைப் போடு."

போனில் அருவி இரைந்தது. பின்னணியில் எண்கள். அவள் குரலில் "ஆறு". உடனே "ஏழு, எட்டு", ஒரே மூச்சில்.

"காது கேக்காதவர், இடிக்க ஆளில்லாம, இந்த இரைச்சல்ல எப்படி டக்குன்னு சொன்னார்?" இன்ஸ்பெக்டரம்மா திரும்பினார். "எட்டாம் நம்பர் தம்பி, நீங்கதானே சொன்னீங்க?"

கணவன் முகம் வெளிறியது.

"கால் வலிக்குது, மெதுவா வரேன்னு மாமா கோபுரத்துலயே உட்கார்ந்துட்டார். ஆள் குறைஞ்சா எல்லாரையும் திரும்ப நடக்க வைப்பாங்களேன்னு... காலேஜ்ல வராதவனுக்கு ப்ராக்ஸி குடுக்கிற மாதிரி குடுத்துட்டேன்."

"அடப்பாவி! ஒரு மணி நேரமா இந்தப் பக்கம் தேடினோமே! கூடவே கத்தினீங்களே!" என்று சீறினாள் மகள்.

"உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

கோபுரத்துக்கும் அருவிக்கும் நடுவே ஓடை. விழுந்தடித்து ஓடினார்கள். மதியம் கடந்த மரப்பாலத்தைக் காணவில்லை. செந்நிற வெள்ளம் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது.

அக்கரையில் அப்பா நின்றார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"வராதீங்கப்பா!" எல்லோரும் இரண்டு கைகளையும் ஆட்டினார்கள்.

அவர் தலையாட்டினார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"கையை ஆட்டாதீங்க! கூப்பிடுறோம்னு நினைக்கிறார்! உட்காருங்க எல்லாரும்!" என்று அலறினார் இன்ஸ்பெக்டரம்மா.

சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். அப்பா முழங்காலளவு நீரில் விழித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தட்டுத்தடுமாறிப் பின்வாங்கி, ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்.

"தண்ணி வடியணும். அதுவரைக்கும் நம்மால ஒண்ணும் முடியாது" என்றான் வழிகாட்டி.

மழை வலுத்தது. கணவன் மெல்ல வந்து அவள் தலைக்குமேல் குடையை விரித்தான்.

அக்கரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்:

"போய் எங்கப்பாவுக்குப் பிடிங்க."