சொல்லுட்டி

களியக்காவிளையைத் தாண்டி அரை மைல்கூட வந்திருக்காது. ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே ஜெபகுமாரி சொன்னாள்: “எங்கப்பாவுக்க வேட்டியில நான் சத்தி எடுத்தது அந்தக் கடையில வச்சுத்தான்.”

ஜிஷா சிரித்துவிட்டாள். அது ஜிஷாவுடைய கதை. சற்றுமுன் அந்தச் சாயாக்கடையில், பழம்பொரி வேகிற எண்ணெய்ப் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு அவள்தான் சொன்னாள். சின்ன வயதில் திருவனந்தபுரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அப்பா இங்கே பழம்பொரி வாங்கிக் கொடுத்ததும், தின்ற அவ்வளவையும் இவள் அவருடைய வெள்ளை வேட்டியில் கக்கியதும், மீன் வியாபாரியான அந்த முரட்டு மனிதர் ஒரு வார்த்தை திட்டாமல் குழாயடியில் நின்று வேட்டியைக் கசக்கியதும்.

“ஏட்டி, அது எங்கப்பா,” என்றாள் ஜிஷா.

“ஆமா. ஈர வேட்டியக் கட்டிட்டு, சீட்டுல உக்காராம நின்னே வந்தாரு. மடியில இருந்த பீடிக் கட்டும் நனஞ்சு போச்சு. பாவம் மனுசன்.”

பீடிக் கட்டைப் பற்றி ஜிஷா வாயே திறந்திருக்கவில்லை.

முன்பு எப்போதாவது சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். நர்சிங் படித்த காலத்தில் இருவருக்கும் ஹாஸ்டலில் ஒரே அறை. ஜிஷா கடற்கரைக்காரி, வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஜெபகுமாரி மிஷன் அனாதை விடுதியில் வளர்ந்தவள், என் ஊர் என் வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்றும் கிடையாது. விளக்கை அணைத்த பிறகு ஜிஷா ஓயாமல் வீட்டுக் கதை பேசுவாள், அவள் உம் கொட்டுவாள். பிறகு ஜிஷா அயர்லாந்துக்குப் போனாள். கல்யாணம், பிள்ளைகள், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எல்லாம் ஆயிற்று. ஜெபகுமாரிக்கு ஒவ்வொரு தடவையும் ஆங்கிலப் பரீட்சை காலை வாரிவிட்டது. தக்கலைப் பக்கம் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள்.

கொரோனா சமயத்தில் அப்பா இறந்தார். அடக்கத்தை ஜிஷா ஃபோனில்தான் பார்த்தாள். இனி மிச்சம் அம்மா மட்டும். அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுது தீர்க்க வேண்டும், அதற்காகவே இந்தத் தடவை புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவந்த ஜெபகுமாரி, “ஒங்கம்மா கோயில்ல ஜெபத்துக்குப் போயிருப்பா, சாயங்காலந்தான் வருவா. அதுக்குள்ள பழைய இடமெல்லாம் ஒருக்கா சுத்திட்டுப் போவம்,” என்றபோது ஜிஷாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு ஊர்க்கதை கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும், லேசில் விடமாட்டார்கள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது அப்பாவை நினைத்துப் பார்த்தாள். சாயாக்கடை வந்தது, பலகார அலமாரி வந்தது, குழாயடி வந்தது. குழாயடியில் யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பயணக் களைப்பு என்று கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

வண்டி திருவட்டாறு ரோட்டில் திரும்பியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நெருங்கி நின்று வெயிலைப் பச்சையாக வடிகட்ட, வீட்டு முற்றங்களில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. ஜெபகுமாரி கேட்டுக்கொண்டே வந்தாள். ஊருக்கு அந்தப் பெயர் வந்த கதை. முதல் பள்ளிக்கூடம். கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய நாளில் போட்டிருந்த சட்டை. எதைச் சொல்லி முடித்தாலும், “ம், பொறவு? சொல்லுட்டி,” என்றாள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடுவில் காற்று இரைந்து அடித்தது. கீழே எங்கேயோ பறளியாறு கல்லில் மோதுகிற சத்தம், பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் நகர்கிற சத்தம். ஜிஷா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு புருஷன் ஸ்டெனி கல்யாணத்துக்கு முன்னால் இதே பாலத்தில் வைத்துத் தன்னிடம் இஷ்டம் சொன்ன கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அவன் ஒற்றைச் செருப்பு கழன்று ஆற்றில் விழுந்ததும், அவன் ஒன்றுமே நடக்காததுபோல் மறுகால் செருப்போடு பஸ் வரைக்கும் நொண்டிக்கொண்டு வந்ததும்.

ஜெபகுமாரி கேட்டுக்கொண்டு நின்ற விதம் சரியில்லை. இமைக்கவே இல்லை. ஜிஷா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தொண்டை ஏறி இறங்கியது. அவ்வளவு காற்றிலும் அந்த விழுங்குகிற சத்தம் தனியாகக் கேட்டது.

திரும்பி வரும்போது ரப்பர் வாடை இல்லை. ஷீட்டுகள் அப்படியேதான் தொங்கின.

“அந்த மரத்துல கட்டி வச்சிருக்கே, பால் வடியறதுக்கு,” என்றாள் ஜிஷா. “தேங்காயில பாதி மாதிரி. அதுக்கு என்ன பேரு?”

ஜெபகுமாரி அவளைப் பார்க்காமலே சொன்னாள். “செரட்ட.”

ஜிஷா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சிரட்டை. அந்தச் சொல்லை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து டாஷ்போர்டில் சார்ஜில் கிடந்த அவள் ஃபோன் அதிர்ந்தது. ‘வீடு போய்ச் சேந்தியா?’ என்று ஒரு செய்தி. மேலே ஸ்டெனி என்று பெயர், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். படத்தில் தாடி வைத்த ஓர் ஆள் இரண்டு பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தான். பிள்ளைகளை அவளுக்குத் தெரிந்தது. ஆளைத் தெரியவில்லை.

“ஒற்றச் செருப்போட என்ன மாதிரி நொண்டுனாரு தெரியுமா,” என்று ஜெபகுமாரி வாய்க்குள் சிரித்தாள். “எனக்குச் சிரிப்ப அடக்க முடியல.”

அப்போது புரிந்தது.

“நீ என்ன செய்த? என்னய என்ன செய்த?”

“ஒண்ணும் செய்யலட்டி.” குரலில் கோபமே இல்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. “நம்ம ஊருல பாரு, கல்ஃப்காரன் கெட்டிப்போட்ட வீடெல்லாம் பூட்டியே கெடக்கு. வெளக்குப் போட ஆளில்ல. நீயும் பூட்டிட்டுத்தான் போன. நான் கேறி இருக்கேன். இருக்க எடம் இல்லாதவ கேறி இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?”

தக்கலை வந்ததும் ஜிஷா, “வண்டிய நிறுத்து,” என்று கத்தினாள். ஜெபகுமாரி உடனே நிறுத்தினாள். தடுக்கவில்லை, கதவைக்கூடத் திறந்துவிட்டாள். பெட்டி, ஃபோன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஜிஷா பஸ் நிலையத்துக்குள் ஓடினாள். டீசல் புகை, கூட்டம், டைம் கீப்பரின் விசில். கடற்கரைப் பக்கம் போகிற ஒரு பஸ்ஸின் படியில் கண்டக்டர் நின்றிருந்தார்.

“எங்க போணும்?”

வாயைத் திறந்தாள். ஊர்ப் பெயர் வரவில்லை.

“எங்க போணும்மா?”

“கடற்கரையில். ஒரு கோயில் இருக்கும். மாதா கோயில்.”

“கடற்கரையில எல்லா ஊருலயும் மாதா கோயில்தான். வெளியூரா?”

“இல்லை. என் அம்மா அங்கே இருக்கிறார்.”

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். பாடப்புத்தகத்தை வாசிக்கிற குரல். கண்டக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு விசில் ஊதினார். பஸ் போயிற்று. அதற்கடுத்த பஸ்ஸும் போயிற்று. வீட்டுக்கு வழி தெரிந்தவள் ஒருத்திதான். அவள் காரில் இருந்தாள்.

ஜிஷா திரும்பி வந்து ஏறினாள். இனி வாயைத் திறப்பதில்லை. என்ன ஆனாலும் சரி, அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபகுமாரியும் ஒன்றும் கேட்கவில்லை. வயல்கள் வந்தன, தென்னந்தோப்புகள் வந்தன, ரோட்டோரம் மணல் தெரியத் தொடங்கியது.

ஃபோன் அடித்தது. அம்மா. ஜெபகுமாரி விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மக்களே, எங்க வந்திருக்க? சாள மீன் புளிமுளம் வச்சிருக்கேன். மரச்சீனிக் கெழங்கு அவிச்சு வச்சது ஆறுது.”

ஜிஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா இருக்கிறாள். அந்தக் குரல் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது.

“வருகிறேன் அம்மா. வந்துகொண்டே இருக்கிறேன்.”

“என்ன மக்களே, ஒரு மாதிரி பேசுத? செரி, பைய வா. ஒனக்க மொகத்தப் பாத்தாப் போதும் எனக்கு.”

ஃபோன் அணைந்த பிறகு காருக்குள் வேறு ஒரு சத்தம். ஜெபகுமாரி அழுதுகொண்டிருந்தாள். நடிப்பில்லை. மூக்கு சிவந்து, தோள் குலுங்கி, ரோடு தெரியாமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள்.

“என்னய ஒருத்தரும் மக்களேன்னு கூப்பிட்டதில்ல, ஜிஷா. பொறந்ததுல இருந்து ஒருத்தரும் இல்ல. அது எப்படி இருக்கும்? அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

ஜிஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. ஒரு பிள்ளை அழுவதுபோலவே இருந்தது. எத்தனையோ கட்டிலோரம் நின்று எத்தனையோ பேரைத் தேற்றியவளுக்கு அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சொல்தானே. அதில் அம்மா இல்லை, அப்பா இல்லை. கூப்பிடுகிற ஒரு சொல்.

சொன்னாள்.

அந்தி நேரத்தில் கடற்கரையில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிட எல்லா அம்மாக்களும் வாசலில் வந்து நிற்பார்கள். யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். ஒற்றைப் பிள்ளை என்றாலும் மக்களேதான். கரை முழுக்க மக்களே, மக்களே என்று கேட்கும். ஒரு பிள்ளைக்கும் தப்பாது. “இது எனக்கு என்று தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி ஓடுவேன். அவ்வளவுதான்.”

ஜெபகுமாரியின் அழுகை நின்றது. தொண்டை ஏறி இறங்கியது.

கடல் தெரிந்தது. அழகான கடல். ஜிஷா ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டாள்.

பச்சை பெயிண்ட் அடித்த ஒரு வீட்டின் முன்னால் கார் நின்றது. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் வயதான ஒரு பெண்மணி. கழுத்தில் ஜெபமாலை. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். முதலில் இறங்கிய ஜெபகுமாரியை அந்தப் பார்வை தாண்டிவிட்டது. நேராக ஜிஷாவிடம் வந்தது. இரண்டு கைகளும் விரிந்தன.

“மக்களே!”

ஜிஷா திரும்பிப் பார்த்தாள். யாரையெல்லாம் கூப்பிடுகிறாள்? பின்னால் ஒருவரும் இல்லை. ஒரு வலைக் குவியல். ஒரு நாய்.

“மக்களே!”

வழியில் நிற்கிறோம்போல. ஜிஷா மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

அந்த வழியில் ஜெபகுமாரி நடந்தாள். “எம்மா, நான் வந்துட்டேம்மா,” என்று கட்டிக்கொண்டாள். பெண்மணியின் கைகள் அவள் முதுகில் விழவில்லை. விரித்தபடியே நின்றன. அவள் தோளுக்கு மேலாக ஜிஷாவைப் பார்த்து வேகமாக என்னவோ சொன்னாள். ராகம் போட்டது மாதிரி இருந்தது. ஜிஷாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சும்மா புன்னகைத்தாள்.

“அவ எனக்க பிரெண்டும்மா,” என்றாள் ஜெபகுமாரி. “வெளிநாட்டுக்காரி. ஊர் சுத்திப் பாக்க வந்தவ.”

பெண்மணியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டுப் பழகிய கை, விரல் விரலாக அந்தப் பிடியைப் பிரித்தது. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னலில் பெண்மணியின் முகம் வந்தது. கம்பிகளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“மக்களே! மக்களே!”

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. அவள் வாயை மெல்லத் துடைத்தது. துடைத்துவிட்டு அங்கேயே நின்றது. சத்தம் அடங்கியது. கண்கள் மட்டும் கம்பிக்கு நடுவில் ஜிஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜிஷா காரில் சாய்ந்துகொண்டு நின்றாள். எத்தனை பிள்ளைகளைப் பெற்றாளோ. இவ்வளவு கூப்பிட்டும் ஒருத்தர்கூட வரவில்லையே என்று அந்த அம்மாவை நினைக்கப் பாவமாக இருந்தது.