காலித் தொட்டிக்குப் போட்ட சோறு

ராத்திரி தொட்டியில் போட்ட சோறு காலையில் இல்லை.

சிசுரு துடைப்பத்தோடு வாசல் நடையில் அப்படியே நின்றாள். செருப்பு அலமாரியின் மேல் இருந்த கண்ணாடித் தொட்டியில் விரலளவு தண்ணீர், ஓடைக் கூழாங்கற்கள், நண்டுகள் ஒளிந்துகொள்ளட்டும் என்று மாமனார் கவிழ்த்து வைத்த உடைந்த பூந்தொட்டித் துண்டு. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. நண்டுகள் மட்டும் இல்லை. இருக்க வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். பொரித்தது அவள்தான்.

போன வாரம் கணவன் யசுஹிகோ சொல்லாமல் கொள்ளாமல் தன் மேலதிகாரியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். பீர் இருந்தது, கடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மாமனார் தமோத்சு முதியோர் பகல் இல்லத்துக்குப் போயிருந்தார். யசுஹிகோ சமையலறைக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினான்.

"வாசல்ல இருக்கே, அதையே பொரிச்சிடேன். கடையில பொரிச்சு விக்கிறதும் அதே ஓடை நண்டுதான்."

"அது மாமா வளக்கிறதுங்க."

"கல்லப் பொரட்டினா கெடைக்கிற சரக்கு. ஞாயித்துக்கெழம நானே புடிச்சாந்து விடறேன். அவருக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நண்டுகள் உரித்துப் போட்ட ஓடுகளை அள்ளி, அந்தத் தொட்டியைக் கழுவிக் கழுவி அலுத்துப்போயிருந்தாள். எண்ணெய் காய்ந்தபோது உள்ளுக்குள் ஒரு சின்னக் குஷிகூட எழுந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் காது மடல் எரிகிறது. எண்ணெயில் விழுந்ததும் அவை தம் கால்களைத் தாமே கழற்றிப் போட்டன. பிறகு சிவந்து மேலே மிதந்தன.

அன்றைக்கென்று மாமனார் சீக்கிரமே வந்துவிட்டார். விருந்தாளி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்டை நகர்த்தினார். தமோத்சு கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு சாப்பிடும் குச்சியால் ஒன்றை எடுத்து, மொறுமொறுவென்று மென்று விழுங்கினார்.

"பதமா வந்திருக்கும்மா," என்றார்.

மறுநாள் அவள், மூடி சரியாக மூடவில்லை, நண்டெல்லாம் ஓடிப்போய்விட்டது என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "மழ வாசம் பிடிச்சிருக்கும். ஓடைக்குப் போயிருக்கும்." ஆனால் தீனி வைப்பதை நிறுத்தவில்லை. தினமும் படுக்கப் போகும் முன் ஒரு சிட்டிகைச் சோறும் ஒரு கருவாட்டுத் தலையும் தொட்டிக்குள் விழுந்தன.

எலிதான் என்று நினைத்துக்கொண்டாள். மூடியைப் போட்டு, அதன் மேல் ஊறுகாய்ச் சாடியில் காய்களை அழுத்திவைக்கும் கனத்த கல்லைத் தூக்கி வைத்தாள். காலையில் கல் அசையாமல் இருந்தது. சோறு இல்லை. தண்ணீர் கலங்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் பாசி வாடை, அதற்கு அடியில் காய்ந்த எண்ணெய் வாடை. வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியும் அந்த வாடை போகவில்லை. மாறாக, அவள் கையில் ஏறிக்கொண்டது.

மழை விடாமல் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை நண்டு பிடித்து வருவதாகச் சொன்ன யசுஹிகோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தகரக் கூரையிலும் பின்பக்கத்து மூங்கில் தோப்பிலும் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்த அந்த இரைச்சலுக்குள், நகத்தால் மண்சட்டியைச் சுரண்டுவது போல இன்னொரு சத்தம் அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. முதலில் வாசல் பக்கமிருந்து, பிறகு நடைவழியில், கடைசியில் மாமனார் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

அவர் பகல் இல்லத்துக்குப் போவதை விட்டுவிட்டார். வெளிச்சம் கூசுகிறது என்று ஜன்னலை மூடிவைத்தார். ஒருநாள், தொட்டிக்காகப் பிடித்துத் தெளியவைத்திருந்த வாளித் தண்ணீரைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது குடிக்கிற தண்ணி இல்லயே."

"கொழாத் தண்ணி தொண்டையில எரியுதும்மா." நிமிர்ந்தபோது அவர் உதட்டோரம் பொடிப்பொடியாக நுரை. அவள் பார்ப்பதைக் கவனித்துக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். அதற்குள் அவர், "எனக்காக ரொம்ப மெனக்கெடறம்மா," என்பார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் கிண்ணம் தொடப்படாமல் திரும்பி வரும்.

ஒருநாள் சாயங்காலம் குளிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை. யசுஹிகோ இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. சிசுரு குளியலறை வாசலுக்குப் போனாள். மங்கல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த முக்காலியில் அவர் முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது.

"மாமா, தல கில சுத்துதா?"

"இல்லம்மா." குரல் ஈரமாக இருந்தது. "கதவத் தொறந்துடாத. ஒடம்பு இப்ப ரொம்ப மெத்துனு இருக்கு."

அவள் அங்கேயே மண்டியிட்டாள். முகம் தெரியாததால்தானோ என்னவோ, வார்த்தை வந்தது.

"மாமா, நண்டு ஓடிப்போகல."

தண்ணீர் சொட்டியது.

"தெரியும்மா. தட்டப் பாத்தப்பவே தெரிஞ்சுது. ஒவ்வொண்ணயும் எனக்கு அடையாளம் தெரியுமே."

"அப்புறம் ஏன் மாமா சாப்டீங்க?"

"வெளி ஆளு முன்னாடி நீ தல குனிஞ்சு நிக்கணுமா?"

அவளுக்குள் எதுவோ ஒடிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் காலில் விழாமல் இனி இந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு இறங்காது என்று தோன்றியது. கதவைத் தள்ளித் திறந்தாள். தலையைத் தூக்காமலே உள்ளே ஊர்ந்து, ஈரத் தரையில் நெற்றியைப் பதித்தாள்.

"மன்னிச்சிருங்க மாமா."

கையை நீட்டி அவர் பாதத்தைத் தொட்டாள்.

பாதம் அமுங்கியது.

எலும்பில்லை. சூடில்லை. நனைந்த காகிதம் போல அவள் உள்ளங்கையின் கீழ் தட்டையாகிப் போனது.

நிமிர்ந்தாள்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தது வெறும் தோல். நகங்கள் இருந்தன. காது இருந்தது. முகத்தில் அந்த மரியாதையான சிரிப்புகூட இருந்தது. பிடரியிலிருந்து இடுப்புவரை முதுகு நேராகப் பிளந்திருந்தது. ரத்தம் இல்லை. கண் இருந்த இடத்தின் வழியே விளக்கு வெளிச்சம் தெரிந்தது.

எண்ணெய் வாடை.

பக்கத்தில் குளியல் தொட்டி. வெந்நீர் ஆறாமலிருக்க அதன் மேல் விரித்திருந்த மூடி ஓர் ஓரத்தில் மெல்ல எழும்பியது. உள்ளிருந்து வெளுத்து, கொழகொழவென்று, இன்னும் விரல் விரலாகப் பிரியாத ஒன்று வந்து விளிம்பைத் தடவியது. பற்றிக்கொள்ள முயன்றது. வழுக்கியது. மறுபடியும் பற்றியது.

"பாக்காதம்மா," என்றது மூடிக்கு அடியிலிருந்து மாமாவின் குரல். "எனக்கு வெக்கமா இருக்கு."